ஈரச் சாக்கும் வரலாறு புவியியலும்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நூறும் வரலாறு புவியியலில் பத்தொன்பதும் வாங்கினேன். இரண்டையும் எழுதியது இதே கைதான், அதுவும் ஒரே வாரத்தில். தலைமையாசிரியை என் அப்பாவை வரச்சொல்லி, இரண்டு விடைத்தாளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது தெரியாம வாங்குன மார்க் இல்ல. கொழுப்புல வாங்குன மார்க்," என்றார். அப்பா மில் சட்டையோடு நின்றபடி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கணக்குத் தாளைப் பார்க்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. மற்றதைப் பார்க்கும்போது இருமல் வந்தது.

ஒரு பாடத்தில் போனாலும் பத்தாவதே போனதுதான். அப்புறம் அந்த நூறை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்க வேண்டியதுதான் என்பதைத் தலைமையாசிரியை இன்னும் கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் சொன்னார். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் பத்தாவதில் போன பெண்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. அடுத்த மாதம் மில்லில் கோன் சுற்றும் பகுதியில் நிற்பார்கள். என் அப்பா அதே மில்லில் நூற்புப் பகுதியில் மேஸ்திரி. வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை மிதித்தபடியே, "நீ அங்க வந்து நின்னேன்னா உனக்கும் நான்தான் மேஸ்திரி. அந்தக் கொடும எனக்கு வேண்டாம் தாயி," என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் அது வேண்டாம்தான்.

எனக்கு மூளை அதிகம் என்பது ஊரில் தீர்ந்துபோன விஷயம். ஐந்து வயதில் பேருந்து நிலையத்தில் எழுதிப் போட்டிருந்த நேரங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, தென்காசிக்கும் மதுரைக்கும் எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று ஒப்பித்தேனாம். அதிலிருந்து அப்பா யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் என்னை நிறுத்தி, "கேளுங்க, சங்கரன்கோவில் வண்டி கேளுங்க," என்பார். மூன்றாம் வகுப்பிலிருந்து நேராக ஐந்துக்கு டபுள் பிரமோஷன் கொடுத்தார்கள். எதையும் ஒரு தடவை வாசித்தால் போதும் என்பதால், புத்தகத்தை இரண்டாவது தடவை திறப்பது ஒரு கேவலம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மக்குப் பிள்ளைகள்தான் அப்படிச் செய்யும் என்பது என் கொள்கை.

பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் அந்தக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. கணக்கென்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் நாலு மணி நேரம் உட்காருவேன். வரலாற்றில் மூன்று வரி தாண்டாது. முதல் உலகப் போருக்கான காரணங்கள் என்று ஆரம்பிக்கும். இரண்டாவது காரணத்துக்குள் போவதற்குள் அந்தப் பக்கத்தில் புள்ளி வைத்த எழுத்து எத்தனை என்று எண்ணத் தொடங்கியிருப்பேன். ஒரு பக்கத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி என்று கேட்டிருந்தால் நான் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. சாப்பிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "இதுல என்ன பெரிய சீக்கு இருக்கு? கவனம் அறுகுது. அம்புட்டுதான். மில்லுல இழை அறுகலையா? அறுந்தா ஒட்டுதோம். மிஷின ஓட்டுதோம்."

அறுந்த இழையை ஒட்டுவதற்கென்றே மில்லில் ஆள் உண்டு. மிஷினின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்வதால் அவர்களுக்குச் சைடர் என்று பெயர். நூலை முறுக்கி வரிசையாகச் சுற்றுகிற நூற்றுக்கணக்கான கதிர்களுக்கு முன்னால் நடந்துகொண்டே இருப்பார்கள். எங்கே அறுந்தாலும் விரலால் பிடித்து ஒட்டிவிட்டு நடப்பார்கள். அப்பா ஷிப்டுக்குப் போகாத நேரங்களில் அவர் எனக்குச் சைடர் ஆனார். எனக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினால் ஒரு அறுப்பு. நோட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு, பக்கத்தை விரலால் தட்டி, "ஒட்டு," என்பார். நான் ஒட்டவேண்டும். கொட்டாவி ஒரு அறுப்பு. ஜன்னலைப் பார்த்தால் ஒரு அறுப்பு. காலைச் சொறிந்தால் என்ன கணக்கு என்பதில் எங்களுக்குள் வழக்கு வந்தது. கண் புத்தகத்தில்தானே இருந்தது என்று நான் வாதாடினேன். யோசித்துவிட்டு அரை அறுப்பு என்று முடிவு செய்தார். நியாயமான மனிதர்.

அவர் ஷிப்டுக்குப் போனபோது அந்த வேலை அம்மாவுக்கு வந்தது. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே என்னையும் பார்த்தாள். ஒவ்வொரு அறுப்புக்கும் சுளகில் ஒரு கல்லை ஓரமாக ஒதுக்கி வைப்பாள். அரிசியில் கிடந்த நிஜக் கல்லும் அதோடு சேர்ந்துவிட்டதில் முதல் நாள் கணக்கு எழுபதைத் தாண்டியது. அப்பா வந்து பார்த்து அதிர்ந்துபோனார். அவர் பார்வையில் இருந்த எந்த மிஷினும் இவ்வளவு மோசமாக ஓடியதில்லை.

"காத்து காஞ்சு கெடக்கு," என்றார் சுவர்களைத் தடவிப் பார்த்து. "அதான் அறுகுது."

இதை விளக்க வேண்டும். நூற்பாலையில் காற்று உலர்ந்தால் இழை சடசடவென்று அறும். அதனால் எப்போதும் ஈரக்காற்றை உள்ளே ஊதிக்கொண்டே இருப்பார்கள். என் அப்பா இருபது வருடமாக அந்த ஈரத்தில் நின்றவர். இழை அறுந்தால் முதலில் காற்றைப் பார் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். ஆகவே மறுநாள் நாலு கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கி, நான் படிக்கும் அறையின் ஜன்னலிலும் கதவிலும் தொங்கவிட்டார். தரையில் மணிக்கொரு தடவை தண்ணீர் தெளித்தார். மில்லில் கழித்துப்போட்ட இரட்டை வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து என் தலைக்கு நேர் மேலே ஆணியில் மாட்டினார். அதில் ஒரு குமிழுக்கு ஈரத்துணி சுற்றியிருக்கவேண்டும். அதற்கு அம்மாவின் பழைய வாயில் ரகச் சேலையில் ஒரு துண்டு கிழிக்கப்பட்டது. அம்மா அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

இரண்டு வெப்பமானியையும் பார்த்து, வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, ஈரம் இவ்வளவு என்று மணிக்கொரு தடவை எழுதவேண்டும். அந்த வேலையை, கணக்கு என்பதால், அப்பா என்னிடமே கொடுத்தார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷமும் அதுதான்.

எனக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கட்டம் போட்ட தாளை வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, ஈரத்தை ஒரு கோடாகவும் அறுப்பை ஒரு கோடாகவும் வரைந்தேன். காலையில் எவ்வளவு, சாயந்தரம் எவ்வளவு, அப்பா சைடர் என்றால் எவ்வளவு, அம்மா சைடர் என்றால் எவ்வளவு. கல்லையெல்லாம் கழித்துத் திருத்தினேன். இரண்டே நாளில் தெரிந்துவிட்டது, ஈரத்துக்கும் அறுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்து வீட்டில் வடை சுடும் வாசனைக்கும் அறுப்புக்கும்தான் சம்பந்தம் இருந்தது. அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வெப்பமானியைக் கழற்றிவிடுவாரே என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு அதிசயம் நடந்தது. நான் கட்டத்தாளில் மூழ்கிக் கிடந்ததால் தலையே தூக்கவில்லை. அறுப்பு முப்பதாகி, பன்னிரண்டாகி, ஒரு வெள்ளிக்கிழமை சுத்தமாகப் பூஜ்யம் ஆனது. அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு மில்லுக்கே போய்விட்டார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செட்டியார்பட்டியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு ஃபிட்டர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், சாக்கை இரண்டு விரலால் பிழிந்து பார்த்து, "பாகுந்தி மேஸ்திரி, பாகுந்தி," என்று மெச்சித் தலையாட்டினார். நான் குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். "பாரு, நம்ம வந்ததுகூட அதுக்குத் தெரியல," என்று அப்பா அவர் காதில் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. அடுத்த வாரம் எங்கள் வரிசையில் மட்டும் ஏழு வீட்டு ஜன்னல்களில் ஈரச் சாக்கு தொங்கியது. சாக்கு கிடைக்காமல் ஒருவர் கட்டில் விரிப்பை நனைத்துத் தொங்கவிட்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் சளி பிடித்தது. ஃபிட்டரின் மகன் அந்தக் குளிர்ச்சியில் மத்தியானமெல்லாம் ஒரு அறுப்புமில்லாமல் தூங்குகிறான் என்று செய்தி வந்தது.

என் வரலாற்றுப் புத்தகத்தில் பூஞ்சை பூத்தது. நான் படித்திருந்தால் விரல் பட்டுப் பக்கங்கள் சுத்தமாக இருந்திருக்கும். பச்சையாக, பஞ்சு மாதிரி, முதல் உலகப் போர் முழுவதும் பரவியிருந்தது. அதைப் பார்த்த நாளில் மில்லில் கோன் சுற்றும் இடமும் அங்கே அப்பா வந்து எனக்கு மேஸ்திரியாக நிற்பதும் கண்ணில் வந்தன. இன்றைக்குப் படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். மனதார, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நாலாவது வரியில் அந்தப் பூஞ்சை ஒரு நாளைக்கு எத்தனை எழுத்து தாண்டுகிறது என்று அளக்க ஆரம்பித்துவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திருப்புதல் தேர்வில் இருபத்திரண்டு வந்தது.

அப்பா நோட்டை ஒரு கையிலும் விடைத்தாளை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "பதினாலு நாளு. ஒரு அறுப்பு இல்ல," என்றார். பிறகு எழுந்துவந்து என் புத்தகத்தை விரித்தார். கட்டத்தாள் விழுந்தது. குனிந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கோடுகள் அழகாக இருந்ததால் முதலில் கொஞ்சம் ரசித்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசியில், "மேல பஞ்சுத் திரியே போடாம வெறும் மிஷின ஓட்டிருக்க. அப்பொறம் எங்கேருந்து அறும்?" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வெப்பமானியைப் பார்த்தேன். அப்போதும் வித்தியாசத்தைக் கணக்குப் போட்டேன்.

அம்மாதான் அதை முடித்துவைத்தாள். நாலு சாக்கையும் உருவிக் கொல்லையில் எறிந்தாள். "இது வீடா கம்மாயா? ரெண்டு பேரும் சேந்து பொம்பளப் பிள்ளையக் கெடுத்து வச்சிருக்கிய. அவள ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்புங்க. அங்கன மிஷினும் இல்ல, மேஸ்திரியும் இல்ல." பொதுத்தேர்வுக்கு முன்னால் விடுமுறை விட்டதும் என்னைப் பஸ் ஏற்றி அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் பூஞ்சைப் புத்தகத்தை அம்மா வெயிலில் காயவைத்துக் கொடுத்திருந்தாள்.

அத்தை மகளும் அந்த வருடம்தான் பத்தாவது எழுதினாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்பதால் மதினி. படிப்பில் அவளைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. எந்தப் பேருந்து நேரமும் அவளை யாரும் கேட்டதில்லை. அவளுக்கு எந்தப் பாடமும் பிடிக்காது. அதனால் எல்லாப் பாடமும் அவளுக்கு ஒன்றுதான்.

நான் அவள் படிப்பதைப் பார்த்தேன். அப்படி ஒரு காட்சியை அதற்குமுன் பார்த்ததில்லை. பல்வலிக்காரி மாதிரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, முதல் உலகப் போருக்கான காரணங்களைத் தெருவுக்குக் கேட்கும்படி கத்தி வாசித்தாள். நடுவில் கொட்டாவி விட்டாள். "சண்டைய போட்டோமா செத்தோமான்னு இல்லாம, காரணம் வேற வச்சிருக்கானுவ," என்று ஐரோப்பாவையே திட்டினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வெளியே பங்குனித் திருநாளுக்குப் பந்தல் போடுவதைச் செத்த நேரம் பார்த்தாள். அப்பா கணக்குப்படி பத்து நிமிடத்தில் இருபது அறுப்பு இருக்கும். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தாள். விட்ட வரியிலேயே விரலை வைத்தாள். மறுபடி கத்தினாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு காரணம் மனப்பாடமாகிவிட்டது.

"மதினி, ஒனக்குப் போரடிக்கலையா?"

"அடிக்குதே."

"பொறவு எப்படிப் படிக்க?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. நான் சும்மா கிண்டல் செய்கிறேனோ என்று முகத்தைப் பார்த்தாள். "போரடிச்சா அடிக்கட்டும்ட்டி. அது பாட்டுக்கு அடிக்கும், நீ பாட்டுக்குப் படி. ஆச வந்த பொறவுதான் படிப்பேன்னு இருந்தா ஆகுமா? எங்கம்மா என்ன, ஆச வந்தா பாத்திரம் வெளக்குதாவ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதினாலு வயது வரைக்கும் எனக்கு அது தெரியாது. பிடிக்காத ஒன்றைச் செய்யமுடியும் என்பதையே யாரும் சொல்லவில்லை. போரடித்தால் அதோடு அந்த வேலை தீர்ந்தது, இனிமேல் அது நமக்கு வராது என்று நான் உண்மையாகவே நினைத்திருந்தேன். ஊர் முழுக்க மூளைக்காரி என்று சொல்லித் திரிந்த ஒருத்திக்கு, பாத்திரம் விளக்குகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி தெரியாமல் இருந்திருக்கிறது.

இருபது நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கத்தினேன். கொட்டாவி விட்டேன், திட்டினேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரும்பி வந்து உட்காருவதுதான் கஷ்டம். ஒரு நாள் புள்ளி எண்ண ஆரம்பித்து அழுதேவிட்டேன். அவள் பாட்டுக்குச் சணல் விளையும் இடங்களைக் கத்திக்கொண்டிருந்தாள். நான் மூக்கைச் சிந்திவிட்டுச் சணலில் சேர்ந்துகொண்டேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த இருபது நாளில் அவள் என்னிடம் இரண்டு தடவை கணக்குக் கேட்டாள். முதல் தடவை காரணிப்படுத்தும் கணக்கு. நான் எட்டிப் பார்த்து விடையைச் சொன்னேன். "விடை புத்தகத்துக்குப் பின்னாடியே இருக்குட்டி. எப்படி வந்துச்சுன்னுதான் கேக்கேன்," என்றாள். "பார்த்தாலே தெரியுதே மதினி," என்றேன். இரண்டாவது தடவை, "இது எட்டாம் வகுப்புக் கணக்குல்லா?" என்று சிரித்தேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஜூனில் முடிவு வந்தது. பேப்பரில் பொடி எழுத்தில் வரிசை வரிசையாகப் பாஸானவர்களின் எண்கள். அப்பா சைக்கிள் கடை வாசலில் நின்று என் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, அதே தாளை மூன்று பேரிடம் கொடுத்து அவர்களையும் கண்டுபிடிக்கச் சொன்னார். மதிப்பெண் பட்டியல் வந்தபோது கணக்கில் நூறு, வரலாறு புவியியலில் முப்பத்தெட்டு. அம்மா முப்பத்தெட்டைப் பார்த்து அழுதாள். நான் பதினொன்றாம் வகுப்புக்குப் போனேன், கோன் சுற்றப் போகவில்லை.

மதினியின் எண் பேப்பரில் இல்லை. வரலாற்றில் ஐம்பத்தாறு வாங்கியிருந்தாள். கணக்கில் முப்பத்தொன்று. நாலு மார்க்.

நான் அந்த வாரமே போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும், "எம்புட்டுட்டி?" என்று கேட்டாள். முப்பத்தெட்டு என்றேன். கையைத் தட்டிக் குதித்தாள். "நான் சொன்னேன்லா! எம்மா, இவ பாஸாயிட்டா!" என்று அடுப்படிக்குக் கேட்கும்படி கத்தினாள். கேலி இல்லை, பொறாமை இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை, அவள் ஏற்கெனவே அழுது முடித்திருந்தாள். அவளுடைய இருபது நாளை நான் வாங்கிக்கொண்டேன். என்னுடைய பத்து நிமிடத்தை அவளுக்குக் கொடுக்கவில்லை. சோம்பல்கூட இல்லை அது. எனக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்வது எனக்குப் போரடித்தது, அவ்வளவுதான்.

அக்டோபரில் மறுபடி எழுதலாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் கணக்கு நோட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தாள், கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல. நான் காரணிப்படுத்தும் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பார்த்ததுமே தெரிகிற ஒன்றைப் படிப்படியாக உடைப்பது, தெருவை அங்குலம் அங்குலமாக நடப்பது மாதிரி இருந்தது. ஒரே கணக்கை ஆறு தடவை சொன்னேன். ஆறு தடவையும் அதே இடத்தில் அவளுக்கு விட்டுப்போனது. ஏழாவது தடவை கேட்க அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

"ஒனக்குப் போரடிக்கும்லாட்டி," என்றாள் நோட்டை மூடப்போனபடி.

"ஆமா மதினி, ரொம்பப் போரடிக்கு," என்றேன். நோட்டை அவள் கையிலிருந்து வாங்கி, புதுப் பக்கத்தில் அதே கணக்கை முதல் வரியிலிருந்து எழுதினேன்.